ஹார்ட் டிஸ்க்கை மாற்றினால் விண்டோஸ் அழிந்துவிடுமா? இயங்குதளத்தை இழக்காமல் எஸ்எஸ்டிக்கு மாறுவது எப்படி? - முழு விளக்கம்

புது தில்லி: ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மடிக்கணினி, பொத்தானை அழுத்திய பிறகு பயன்பாட்டுக்கு வர நான்கைந்து நிமிடங்கள் எடுத்துக்கொள்கிறது என்றால், பெரும்பாலான நேர்வுகளில் அதற்குக் காரணம் செயலி அல்ல, அதன் உள்ளே சுழன்றுகொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்க்தான். அதை நீக்கிவிட்டு எஸ்எஸ்டி எனப்படும் திடநிலைச் சேமிப்பகத்தைப் பொருத்தினால் அதே கணினி பல மடங்கு வேகமாக இயங்கும் என்பது இன்று பலரும் அறிந்த செய்தி.

ஆனால், பழுதுபார்க்கும் கடைக்குச் சென்றால் கிடைக்கும் முதல் பதில் பெரும்பாலும் "ஃபார்மேட் செய்துதான் தர முடியும்" என்பதாகவே இருக்கிறது. பல ஆண்டுகளாகச் சேர்த்த கணக்குகள், நிறுவிய மென்பொருள்கள், அச்சுப்பொறி அமைப்புகள், சேமித்த கடவுச்சொற்கள் என அனைத்தையும் மீண்டும் புதிதாகத் தொடங்க வேண்டுமோ என்ற அச்சத்திலேயே பலர் இம்மாற்றத்தைத் தள்ளிப்போடுகின்றனர். உண்மையில் இயங்குதளத்தையும் மென்பொருள்களையும் இருந்தபடியே புதிய வட்டுக்கு மாற்ற முடியும். அதற்கான வழிமுறையையும், அதில் தவறு நேரக்கூடிய இடங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

இப்போது ஏன் இந்தக் கேள்வி?

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு வழங்கிவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறைவடைந்தது. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் பதிவு செய்துகொள்ளும் தனிநபர் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வழங்கப்படும் என அந்நிறுவனம் அறிவித்தது. இதையடுத்து, கையில் இருக்கும் கணினியை மேம்படுத்துவதா, புதியது வாங்குவதா என்ற கேள்வி பல வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் எழுந்துள்ளது.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். எஸ்எஸ்டி பொருத்துவதால் கணினி வேகமடையுமே தவிர, விண்டோஸ் 11-க்குத் தகுதி பெற்றுவிடாது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப், யுஇஎஃப்ஐ வகைத் துவக்க அமைப்பு, மைக்ரோசாஃப்ட் பட்டியலில் உள்ள செயலி ஆகியவை தேவை. இன்டெல் செயலிகளைப் பொறுத்தவரை, பொதுவாக 8-ஆம் தலைமுறை முதலே அப்பட்டியலில் இடம்பெற்றுள்ளன. எனவே செலவு செய்வதற்கு முன், மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் செயலியின் மூலம் கணினியின் தகுதியைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. தகுதியுள்ள கணினி என்றால் எஸ்எஸ்டிக்கான செலவு இன்னும் பல ஆண்டுகளுக்குப் பயன் தரும். தகுதியற்றது என்றால், வேகத்துக்காக மட்டும் அச்செலவைச் செய்யலாமா என்று முடிவெடுக்க வேண்டும்.

வேகம் எங்கே தடைபடுகிறது?

மடிக்கணினிகளில் உள்ள ஹார்ட் டிஸ்க்குகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்பவை. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லி வினாடிகள் ஆகும். ஒரு தரவைப் படிக்க வேண்டுமெனில் வாசிப்பு முனை உரிய தடத்துக்கு நகர வேண்டும். பின்னர், தேவையான பகுதி சுழன்று தன் கீழே வரும்வரை காத்திருக்க வேண்டும். இதனால், வட்டின் வெவ்வேறு இடங்களில் சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை வினாடிக்கு நூறு முறைக்கும் குறைவாகவே அதனால் எடுத்துத் தர இயலும்.

விண்டோஸ் துவங்கும்போது நடப்பது இதுதான்: ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் அடுத்தடுத்துக் கேட்கப்படுகின்றன. எஸ்எஸ்டியில் சுழலும் தட்டோ நகரும் முனையோ இல்லை; மின்னணு நினைவகச் சிப்புகளில் இருந்து தரவு நேரடியாக எடுக்கப்படுகிறது. சாதாரண சாட்டா வகை எஸ்எஸ்டியே இத்தகைய கோரிக்கைகளை வினாடிக்குப் பல்லாயிரக்கணக்கில் நிறைவேற்றும். தொடர்ச்சியாகப் படிக்கும் வேகத்திலும், ஹார்ட் டிஸ்க் வினாடிக்கு 100 எம்பி அளவில் நிற்க, சாட்டா எஸ்எஸ்டி 550 எம்பி வரை எட்டுகிறது. என்விஎம்இ வகையில் இது 3,500 எம்பியையும், அதற்கடுத்த தலைமுறையில் 7,000 எம்பியையும் தொடுகிறது.

கோப்புகளை நகலெடுத்தால் மட்டும் ஏன் போதாது?

'சி' டிரைவில் உள்ள அனைத்தையும் தேர்ந்தெடுத்துப் புதிய வட்டில் ஒட்டினால் விண்டோஸ் இயங்காது. காரணம், ஒரு துவக்க வட்டில் நம் கண்ணுக்குத் தெரியும் 'சி' டிரைவைத் தவிர வேறு சில மறைவான பார்ட்டிஷன்களும் உள்ளன.

அண்மைக்காலக் கணினிகளில் வழக்கமாக நான்கு பார்ட்டிஷன்கள் இருக்கும். முதலாவது, துவக்க நிரலைக் கொண்ட இஎஃப்ஐ பார்ட்டிஷன். கணினியை இயக்கியவுடன் மதர்போர்டு முதலில் தேடுவது இதைத்தான். இரண்டாவது, மைக்ரோசாஃப்ட் தன் பயன்பாட்டுக்காக ஒதுக்கும் 16 எம்பி அளவுள்ள சிறு பகுதி. மூன்றாவது, விண்டோஸும் நம் கோப்புகளும் உள்ள 'சி' டிரைவ். நான்காவது, பழுது ஏற்பட்டால் உதவும் மீட்புப் பார்ட்டிஷன். இவற்றோடு, எந்தப் பார்ட்டிஷன் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைப் பதிவு செய்திருக்கும் அட்டவணையும் உண்டு. பழைய கணினிகளில் இந்த அட்டவணை எம்பிஆர் வடிவிலும், புதியவற்றில் ஜிபிடி வடிவிலும் இருக்கும்.

இவை அனைத்தையும் அவற்றுக்கிடையேயான தொடர்பு குலையாமல் அப்படியே புதிய வட்டுக்கு மாற்றும் செயலே 'குளோனிங்' எனப்படுகிறது.

எந்த எஸ்எஸ்டி பொருந்தும்?

வட்டை வாங்குவதற்கு முன் கணினியில் எந்த வகை இணைப்பு உள்ளது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். இதில் நேரும் தவறே பணம் வீணாக முதல் காரணம்.

ஹார்ட் டிஸ்க் உள்ள மடிக்கணினி என்றால், அதே இடத்தில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டியைப் பொருத்தலாம். சில மடிக்கணினிகளில் இதற்கும் மேலாக எம்.2 எனப்படும் மெல்லிய பட்டை வடிவ எஸ்எஸ்டிக்கான இடமும் இருக்கும். ஆனால் எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அந்த வடிவில் சாட்டா எஸ்எஸ்டியும் உண்டு, என்விஎம்இ எஸ்எஸ்டியும் உண்டு. சாட்டாவை மட்டும் ஏற்கும் இடத்தில் என்விஎம்இ பட்டையைச் செருகினால் கணினி அதை அடையாளம் காணாது. நீளத்தையும் கவனிக்க வேண்டும்; பரவலாகக் கிடைக்கும் 2280 என்ற அளவு 22 மி.மீ. அகலமும் 80 மி.மீ. நீளமும் கொண்டது. கணினித் தயாரிப்பாளரின் இணையதளத்தில், மாடல் எண்ணுக்குரிய சேவைக் கையேட்டில் இந்த விவரங்கள் அனைத்தும் இருக்கும்.

மேலும், சில மலிவு விலை மடிக்கணினிகளிலும், 2020 முதல் ஆப்பிளின் சொந்தச் சிப்புடன் வெளிவரும் மேக்புக் கணினிகளிலும் சேமிப்பகம் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டுள்ளது. அவற்றில் பயனர் தாமாக வட்டை மாற்ற இயலாது.

கொள்ளளவுக் கணக்கு

500 ஜிபி என்று விற்கப்படும் வட்டு விண்டோஸில் ஏறத்தாழ 465 ஜிபியாகவே காட்டப்படும். 1 டிபி வட்டு 931 ஜிபியாகத் தெரியும். இது ஏமாற்று வேலை அல்ல. தயாரிப்பாளர்கள் ஆயிரத்தின் மடங்குகளிலும், விண்டோஸ் 1,024-இன் மடங்குகளிலும் கணக்கிடுவதால் ஏற்படும் வேறுபாடு.

1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் 300 ஜிபி மட்டுமே பயன்பாட்டில் இருந்தால், 500 ஜிபி எஸ்எஸ்டிக்கு மாறுவது சாத்தியமே. ஆனால் எல்லா மென்பொருள்களும் பெரிய வட்டில் இருந்து சிறிய வட்டுக்கு மாற்றித் தருவதில்லை. வாங்கும் முன் இதை உறுதி செய்துகொள்ள வேண்டும். எஸ்எஸ்டியை விளிம்புவரை நிரப்பினால் அதன் எழுதும் வேகம் குறையும் என்பதால், சற்று இடம் காலியாக இருக்கும்படி கொள்ளளவைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

சந்தையில் நம்ப முடியாத குறைந்த விலைக்கு 8 டிபி, 16 டிபி என்று விளம்பரம் செய்யப்படும் வெளிப்புற வட்டுகளைத் தவிர்க்க வேண்டும். இத்தகைய போலிகள் பெரிய கொள்ளளவைப் பொய்யாகக் காட்டி, உண்மையான அளவு நிறைந்தபின் எழுதப்படும் தரவைச் சத்தமின்றி அழித்துவிடும்.

தொடங்கும் முன் செய்ய வேண்டிய மூன்று பணிகள்

முதலாவது, காப்புப் பிரதி. குளோனிங் என்பது காப்புப் பிரதிக்கு மாற்று அல்ல. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரவலாக்கிய '3-2-1' விதி இன்றும் பின்பற்றத்தக்கது: தரவின் மூன்று பிரதிகள், இரு வேறு வகைச் சேமிப்பகங்களில், அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில். குறைந்தபட்சம், இழக்கவே முடியாத கோப்புகளையாவது ஒரு வெளிப்புற வட்டிலோ மேகச் சேமிப்பகத்திலோ தனியாக எடுத்து வைத்த பின்னரே அடுத்த அடியை எடுத்து வைக்க வேண்டும்.

இரண்டாவது, பழைய வட்டின் உடல்நிலையை அறிதல். ஹார்ட் டிஸ்க்குகள் தம் நிலையைத் தாமே பதிவு செய்யும் ஸ்மார்ட் என்ற வசதியைக் கொண்டவை. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவசச் செயலிகள் அப்பதிவைக் காட்டும். பழுதடைந்து மாற்றப்பட்ட செக்டார்கள், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டார்கள் ஆகியவற்றின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால் வட்டு இறுதிக்கட்டத்தில் உள்ளது என்று பொருள். அந்நிலையில் முழு வட்டையும் குளோன் செய்ய முற்படுவது அதன் ஆயுளை மேலும் குறைக்கும். முக்கியக் கோப்புகளை முதலில் வெளியே எடுப்பதே உரிய வழி. 'கிளிக், கிளிக்' என்ற ஒலி எழுந்தால் கணினியை உடனே அணைத்துவிட்டுத் தரவு மீட்பு வல்லுநரை நாட வேண்டும்.

மூன்றாவது, மறையாக்கம். பல மடிக்கணினிகளில் பிட்லாக்கர் அல்லது 'சாதன மறையாக்கம்' பயனர் அறியாமலேயே இயக்கத்தில் இருக்கக்கூடும். வட்டை மாற்றியதும் கணினி 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்கும். அது கையில் இல்லாவிட்டால் கோப்புகளை அணுக வழியே இல்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து அக்குறியீட்டை முன்னதாகவே தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மறையாக்கத்தை நிறுத்தி, அது முழுமையாக நீங்கும்வரை காத்திருந்து, குளோனிங் முடிந்தபின் மீண்டும் இயக்குவது மிகவும் பாதுகாப்பானது.

படிப்படியாகக் குளோனிங்

தேவைப்படும் பொருள்கள் சில: புதிய எஸ்எஸ்டி, அதை வெளியிலிருந்து இணைக்க யுஎஸ்பி-சாட்டா கேபிள் அல்லது என்விஎம்இக்குரிய வெளிப்புறப் பெட்டி, சிறு திருப்புளி, குளோனிங் மென்பொருள்.

மென்பொருளைப் பொறுத்தவரை, எஸ்எஸ்டி தயாரிப்பாளர்களே தரும் இலவசச் செயலிகள் எளிதானவை. சாம்சங் தன் எஸ்எஸ்டிகளுக்குத் தனிச் செயலி வழங்குகிறது. குரூஷியல், வெஸ்டர்ன் டிஜிட்டல் ஆகியவை அக்ரோனிஸ் மென்பொருளின் சிறப்புப் பதிப்பை அளிக்கின்றன. இவை அந்தந்த நிறுவனத்தின் வட்டு இணைக்கப்பட்டிருந்தால் மட்டுமே இயங்கும். நிறுவன வேறுபாடின்றிப் பயன்படுத்த விரும்புவோருக்கு, தைவானின் தேசிய உயர்திறன் கணிப்பு மையத்தில் உருவான குளோன்சில்லா என்ற கட்டற்ற மென்பொருள் உள்ளது. பென் டிரைவில் இருந்து இயங்கும் இது, இயல்பான அமைப்பில் மூல வட்டுக்குச் சமமான அல்லது அதைவிடப் பெரிய வட்டுக்கே நகலெடுக்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

1. தேவையற்ற கோப்புகளை நீக்கி, வட்டுப் பிழைச் சோதனையை ஒருமுறை நடத்தவும். பின்னர் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு 'ஷட் டவுன்' கொடுத்துக் கணினியை முழுமையாக அணைக்கவும். வழக்கமான முறையில் அணைத்தால், விரைவுத் துவக்க வசதி காரணமாக விண்டோஸ் பாதி உறக்க நிலையிலேயே நிற்கும்.

2. எஸ்எஸ்டியைக் கேபிள் மூலம் இணைத்துக் கணினியை இயக்கவும். மடிக்கணினி என்றால் சார்ஜரை இணைத்தே வைத்திருக்கவும். மேசைக் கணினி என்றால் யுபிஎஸ் இருப்பது நல்லது.

3. மென்பொருளில் மூல வட்டு எது, இலக்கு வட்டு எது என்பதைத் தேர்ந்தெடுக்கவும். இப்பணியின் மிக ஆபத்தான கட்டம் இதுவே. இரண்டும் இடம் மாறிவிட்டால் வெற்று வட்டு, தரவு உள்ள வட்டின் மீது எழுதப்பட்டு அனைத்தும் அழியும். வட்டு எண்ணை மட்டும் நம்பாமல், தயாரிப்பாளர் பெயர், மாடல் எண், கொள்ளளவு மூன்றையும் ஒப்பிட்டு உறுதி செய்ய வேண்டும். இவ்விரண்டைத் தவிர வேறு எந்த வெளிப்புற வட்டும் இணைக்கப்பட்டிருக்கக் கூடாது. குறிப்பாக, காப்புப் பிரதி உள்ள வட்டைக் கழற்றி வைத்துவிட வேண்டும்.

4. 'சி' டிரைவை மட்டும் அல்லாமல் முழு வட்டையும், அதாவது எல்லாப் பார்ட்டிஷன்களையும் தேர்ந்தெடுக்கவும்.

5. நகலாக்கம் முடியும்வரை கணினியைத் தொடாமல் இருக்கவும். வினாடிக்கு 80 எம்பி வேகத்தில் 300 ஜிபி தரவு மாற ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். யுஎஸ்பி 2.0 துளையில் இணைத்திருந்தால் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகும்.

முதல் துவக்கம்

நகலாக்கம் முடிந்ததும் கணினியை அணைத்து, மின் இணைப்பைத் துண்டித்து, இயன்றால் பேட்டரியின் இணைப்பையும் விலக்கிய பின் மூடியைத் திறக்க வேண்டும். பழைய வட்டைக் கழற்றி, அதே இடத்தில் எஸ்எஸ்டியைப் பொருத்தவும். திருகுகளை அவை இருந்த வரிசைப்படி ஒரு தாளில் ஒட்டி வைத்தால் மீண்டும் மூடும்போது குழப்பம் நேராது.

முதல் முறை துவக்கும்போது பழைய வட்டு இணைப்பில் இருக்கக் கூடாது. குளோன் செய்யப்பட்ட இரு வட்டுகளும் ஒரே அடையாள எண்ணைக் கொண்டிருக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் விண்டோஸ் குழப்பமடையலாம். அல்லது அவற்றுள் ஒன்றை முடக்கி வைக்கலாம். பழைய வட்டில் இருந்தே கணினி துவங்கிக்கொண்டிருப்பதை அறியாமல், "எஸ்எஸ்டி போட்டும் வேகம் கூடவில்லை" என்று குறைபட்டுக்கொள்வோரும் உண்டு.

விண்டோஸ் துவங்கியபின், 'ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்' பகுதியில் புதிய வட்டு திடநிலைச் சேமிப்பகமாகக் காட்டப்படுகிறதா எனப் பார்க்க வேண்டும். அவ்வாறு காட்டப்பட்டால், ஹார்ட் டிஸ்க்குக்குச் செய்யும் டிஃப்ராக் பணிக்குப் பதிலாக எஸ்எஸ்டிக்குரிய டிரிம் பணியை விண்டோஸ் தானே மேற்கொள்ளும். பெரிய வட்டுக்கு மாறியிருந்தால் எஞ்சிய இடம் ஒதுக்கப்படாமல் கிடக்கும். 'சி' டிரைவுக்கும் அந்த இடத்துக்கும் நடுவே மீட்புப் பார்ட்டிஷன் இருந்தால் விண்டோஸின் சொந்தக் கருவியால் நீட்டிக்க இயலாது. நகலாக்கத்தின்போதே அளவுகளை மாற்றி அமைத்தால் இச்சிக்கல் எழாது.

விண்டோஸ் உரிமத்தைப் பற்றிப் பொதுவாகக் கவலை தேவையில்லை. டிஜிட்டல் உரிமம் முதன்மையாக மதர்போர்டுடன் பிணைக்கப்பட்டிருப்பதால் வட்டை மாற்றுவதால் அது பாதிக்கப்படுவதில்லை. ஆனால், சில கணக்கியல் மற்றும் வடிவமைப்பு மென்பொருள்கள் கணினியின் வன்பொருள் அடையாளத்தோடு தம் உரிமத்தைப் பிணைத்து வைத்திருக்கக்கூடும். அவற்றின் விற்பனையாளரிடம் முன்கூட்டியே விசாரித்து, தேவைப்பட்டால் உரிமத்தைத் திருப்பி ஒப்படைத்து மீண்டும் பெற ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.

துவங்கவில்லை என்றால்?

பதற்றம் தேவையில்லை. பழைய வட்டு மாற்றமின்றி அப்படியே இருப்பதால் அதைத் திரும்பப் பொருத்தினால் கணினி முன்போல் இயங்கும். அதன்பின் காரணத்தை ஒவ்வொன்றாக ஆராயலாம்.

துவக்க வட்டே இல்லை என்ற செய்தி வந்தால், பயாஸ் அமைப்பில் துவக்க வரிசையைப் பார்க்க வேண்டும். எம்பிஆர் வட்டில் இருந்து குளோன் செய்திருந்தால் பழைய லெகசி முறையும், ஜிபிடி என்றால் யுஇஎஃப்ஐ முறையும் தேர்வில் இருக்க வேண்டும். நீலத் திரையில் 'இன்ஆக்ஸஸிபிள் பூட் டிவைஸ்' என்று வந்தால், வட்டு இணைப்பு வகை மாறியதால் உரிய டிரைவர் ஏற்றப்படவில்லை என்று கருதலாம். ஒருமுறை சேஃப் மோடில் துவக்கினால் பல நேரங்களில் இது சரியாகிவிடும். இவையும் பயனளிக்காவிட்டால், 8 ஜிபி பென் டிரைவில் மைக்ரோசாஃப்டின் நிறுவல் கருவியைத் தயாரித்து, அதிலிருந்து துவக்கி, துவக்கப் பழுதுநீக்கத்தை இயக்கலாம்.

லினக்ஸ் பயனர்களுக்கும் இதே வழிமுறை பொருந்தும். பார்ட்டிஷன்களின் தனித்த அடையாள எண்களை நம்பியே லினக்ஸ் துவங்குவதால், முழு வட்டையும் குளோன் செய்யும்போது அவ்வெண்களும் உடன் வந்துவிடும். கைமுறையாகப் புதிய பார்ட்டிஷன் உருவாக்கிக் கோப்புகளை மாற்றினால் மட்டும் அமைப்புக் கோப்பில் அவ்வெண்களைத் திருத்த வேண்டியிருக்கும்.

புதிதாக நிறுவுவது எப்போது சிறந்தது?

குளோனிங் நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே கொண்டுசெல்லும். கணினியில் வைரஸ் தாக்குதல் இருந்தாலோ, விண்டோஸ் அடிக்கடி பிழைச் செய்தி காட்டினாலோ, பழைய வட்டில் பழுதான செக்டார்கள் இருந்தாலோ புதிதாக நிறுவுவதே சரியான முடிவாகும். அத்தகைய சூழலில் கடைக்காரர் 'ஃபார்மேட்' என்று கூறுவதில் நியாயம் உண்டு.

தில்லியின் நேரு பிளேஸ், மும்பையின் லேமிங்டன் சாலை, பெங்களூருவின் எஸ்.பி. சாலை, சென்னையின் ரிச்சி தெரு போன்ற கணினிச் சந்தைகளில் இப்பணியை ஒப்படைப்போர் மூன்றைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்: ஃபார்மேட் செய்யாமல் குளோன் செய்து தருவீர்களா, பழைய வட்டைத் திருப்பித் தருவீர்களா, புதிய எஸ்எஸ்டியின் உத்தரவாதத்துக்குரிய ரசீது தருவீர்களா. இயன்றவரை பணி முடியும்வரை உடன் இருப்பது நல்லது. வட்டில் இருப்பது வங்கி விவரங்களும் குடும்பப் படங்களும் என்பதை மறந்துவிடக் கூடாது.

பழைய வட்டை என்ன செய்வது?

புதிய வட்டு பொருத்தி ஓரிரு மாதங்கள் வரை பழைய வட்டில் எதையும் அழிக்காமல் பத்திரமாக வைத்திருப்பதே அறிவுடைமை. எல்லாக் கோப்புகளும் சரியாக வந்துவிட்டன என்று உறுதியானபின், நல்ல நிலையில் உள்ள வட்டை யுஎஸ்பி பெட்டியில் இட்டுக் காப்புப் பிரதிக்கான வெளிப்புற வட்டாகப் பயன்படுத்தலாம்.

விற்கவோ அப்புறப்படுத்தவோ நினைத்தால், விரைவு ஃபார்மேட் மட்டும் போதாது. அது கோப்புகளின் பட்டியலை மட்டுமே அழிக்கிறது; தரவு வட்டிலேயே இருப்பதால் மீட்பு மென்பொருள் மூலம் பிறர் அதை எடுத்துவிட முடியும். வட்டு முழுவதும் பூச்சியங்களால் மேலெழுதும் கருவியைப் பயன்படுத்திய பின்னரே கைமாற்ற வேண்டும். பயன்படாத வட்டுகளைக் குப்பையில் போடாமல், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், 2022-இன்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்களிடம் சேர்க்க வேண்டும்.

மொத்தத்தில், ஃபார்மேட் செய்யாமல் வட்டை மாற்றுவது அரிய தொழில்நுட்ப வித்தை அல்ல. காப்புப் பிரதி, மீட்புக் குறியீடு, மூல வட்டையும் இலக்கு வட்டையும் சரியாக அடையாளம் காணுதல் ஆகிய மூன்றிலும் கவனம் செலுத்தினால், ஓர் ஓய்வு நாளின் அரை நாளில் முடிக்கக்கூடிய பணியே இது.